'அவர் மட்டும் நல்லவர்': பினாங்குத் தமிழ் வீடுகளில் இனப் பாகுபாடு படிந்த கதை

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. பினாங்கின் குளுகோரில் பழைய மாடி வீடு. கீழே பக்கவாட்டு வாசலோடு ஓர் அறையும் குளியலறையும் தனியாக இருக்கும். வாடகைக்கு என்று எழுதி, தொலைபேசி எண்ணையும் போட்டு, கேட்டில் ஓர் அட்டையைக் கட்டினேன். இரண்டாம் நாள் மாலை ஒருவர் அழைத்தார். பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை. விடுதியில் ஓர் அறைக்குப் பத்துப் பேர், இரவு வேலை முடிந்து வந்தால் தூங்க முடியவில்லை. முன்பணம் கையில் இருக்கிறது. இப்போதே வந்து பார்க்கலாமா? எல்லாவற்றையும் மலாயில்தான் சொன்னார். ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே அந்த மலாயில் இருந்த வங்காள இழுவை எனக்குப் பிடிபட்டுவிட்டது. 'சுடா அடா ஓராங்' என்றேன். ஆள் வந்துவிட்டது என்று பொருள். ஆள் யாரும் வரவில்லை. அந்த அட்டை மேலும் பதினொரு நாள் கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

1997-இல் படிப்புக்காகக் கோலாலம்பூர் போனபோது வங்சா மாஜு பக்கம் அறை தேடினேன். நாளிதழில் வட்டமிட்ட எண்களைப் பொதுத் தொலைபேசியில் நாணயம் போட்டு ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அம்மாள் வாடகை, மின்கட்டணம், சமையல் செய்யலாமா கூடாதா என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி, "இந்தியரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'சுடா அடா ஓராங்' என்றார். அதே மூன்று சொற்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து வேறொருவரிடம் கைமாற்றிவிட்டிருக்கிறேன்.

அழைத்தவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்ததுபோல் நடந்துகொண்டேன். அந்தத் 'தெரிந்தது' எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், வழி பழைய ரப்பர் தோட்டத்துக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் போகிறது.

மலேசியத் தமிழரிடம் இனப் பாகுபாடு என்று பேச்செடுத்தால் அது நமக்கு நேர்ந்ததைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். அந்தக் கணக்கில் பொய் கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். வாடகை விளம்பரங்களில் எந்த இனத்தார் வேண்டும், எந்த இனத்தார் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதுவார்கள். அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு இனத்தின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது என்றாலும், அது அரசைக் கட்டுப்படுத்துகிற விதி. வீட்டுக்காரரை அது தொடுவதில்லை. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் சேரப்போவதாக 2018-இல் அறிவித்த அரசு, எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. இத்தனைக்கும் நடுவில் நின்றுகொண்டு, 'நாமும் அதைச் செய்கிறோமே' என்று ஒருவர் சொன்னால் காதில் ஏறாது. அடி வாங்குகிறவனிடம் போய் நீ அடிக்கிறாய் என்று சொல்கிறாயே என்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

சொற்களிலிருந்து தொடங்கலாம், அவைதான் கைக்கு எட்டும் சாட்சி. மலாயில் தென்னிந்தியரைக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் அது வெறும் அடையாளம். ஜார்ஜ்டவுனில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தென்னிந்தியச் சமூகத்தின் தலைவராக இருந்த காதர் முகைதீனின் பதவிப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயர் தாங்கிய சாலைப் பலகையைப் படம் எடுக்கும் சுற்றுலாப் பயணிக்கு அது ஓர் அழகான பழம்பெயர். அதையே ஒருவர் நம் முகத்துக்கு நேராகச் சொன்னால் இரத்தம் கொதிக்கும். எழுத்து மாறவில்லை, சொல்கிற தொனியும் கேட்கிற காதும் மாறிவிட்டன.

2011-இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மலாய் இலக்கியப் பாடமாக வைக்கப்பட்ட அப்துல்லா உசேனின் 'இன்டர்லோக்' நாவலில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களைக் குறிக்கும் இடத்தில் 'பறையா' என்ற சொல் இருந்தது. நாடு முழுவதும் இந்தியர்கள் எதிர்த்தார்கள். ஆண்டு முடிவதற்குள் நாவல் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பெரியப்பா பேசியது என் நினைவில் வேறு விதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. "நம்மைப் போய் அந்தப் பெயரால் சொல்லலாமா? நாம் என்ன அவர்களா?" என்றார். ஒரு சாதியின் பெயரே வசையாகிப் போனது பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. வசை முகவரி தவறி வந்துவிட்டது என்பதுதான் குறை. அந்தச் சொல்லை வசையாக்கி மலாயாவுக்குக் கப்பலேற்றியதில் நம் பங்கும் உண்டு என்பதை அன்று அறையில் இருந்த யாரும் சொல்லவில்லை. நானும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனேன்.

கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க வெள்ளைக்காரத் துரைமார் நம்பியது கங்காணி முறையை. ஒரு தோட்டத்தில் வேலை செய்கிற ஆளே தன் ஊருக்குப் போய், தன் உறவிலும் சாதியிலும் இருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவார். ஆகவே வந்தவர்கள் தனி மனிதர்களாக வரவில்லை. ஊரின் மேல்தெரு, கீழ்த்தெரு எல்லாம் உடன் வந்தன. சாதி பார்த்து லயங்களை, அதாவது வரிசைக் குடியிருப்புகளை, பிரித்துக் கொடுத்த தோட்டங்கள் இருந்தன. கங்காணிக்கு மேலே கிராணி என்ற எழுத்தர். கிராணி வேலைக்குப் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும். எல்லோருக்கும் மேலே துரை. 1938-இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே இந்த ஆள்சேர்ப்பு நின்றது. மனிதரை மேலும் கீழுமாக அடுக்கிப் பார்க்கும் பழக்கத்தை வெள்ளைக்காரன்தான் கற்றுக்கொடுத்தான் என்று சொல்வது நமக்கு வசதியான கதை. அவன் வருவதற்கு முன்பே நம்மிடம் ஏணி இருந்தது. அவன் அதில் இரண்டு படிகளைக் கூட்டி, மலாய்க்காரரையும் சீனரையும் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினான்.

எப்படிக் காட்டினான் என்பதற்குக் கணக்கெடுப்பே ஆவணம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் 1871, 1881 கணக்கெடுப்புகளில் ஆச்சேக்காரர், போயான்காரர், பூகிஸ்காரர் என்று மக்கள் நீண்ட பட்டியலாக நின்றார்கள். 1891-இல் அந்தப் பட்டியலைப் பெரிய பெட்டிகளுக்குள் அடைத்தார்கள்: மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற மக்களும்; சீனர்; தமிழரும் இந்தியாவின் பிற மக்களும். இன்று எந்தப் பாரத்தை எடுத்தாலும் 'பங்சா' (இனம்) என்ற கேள்விக்குக் கீழே மலாய், சீனர், இந்தியர், 'லைன்-லைன்' (மற்றவர்) என்று நான்கு கட்டங்கள் நிற்கின்றனவே, அவை அந்தப் பெட்டிகளின் பேரப்பிள்ளைகள்.

பெட்டிக்கு ஒரு குணமும் எழுதினார்கள். மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் பணத்துக்காக எதையும் செய்வார், தமிழர் சொன்னபடி கேட்பார். காலனிய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் இந்த மூன்று வாக்கியங்களையும் என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றாவதை மட்டும் "நாம் ஏமாளிகள்" என்று திருத்திச் சொல்வார். பாட்டி ஆங்கிலம் அறியாதவர். துரை சொன்னது கிராணிக்கு வந்து, கிராணி சொன்னது மண்டோர் என்ற மேற்பார்வையாளருக்கு வந்து, கடைசியில் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகும் பெண்ணின் சொந்த அனுபவமாகவே அது மாறிவிட்டது. சமூகவியலாளர் சையத் உசேன் அலாத்தாஸ், சோம்பேறிச் சுதேசி என்ற கற்பிதத்தைப் பற்றி 1977-இல் வெளியிட்ட நூலில் இதன் அடிவேரைத் தோண்டினார். சொந்த நிலமும் ஆறும் மீனும் இருந்த மலாய் விவசாயி, தோட்டக் கூலிக்கும் சுரங்கக் கூலிக்கும் போக மறுத்தான். முதலாளிக்குப் பயன்படாதவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள் என்பது அவர் வாதம். இதே தர்க்கத்தில் 'சொன்னபடி கேட்பவன்' என்ற பட்டமும் குறைந்த கூலிக்குப் போடப்பட்ட மாலைதான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியும் ஒன்று. துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. துருப்புகளை அனுப்பிச் சுட்டு அடக்கினார்கள். சொன்னபடி கேட்கிற இனமாம்.

பிறகு போர், ஜப்பானியர் ஆட்சி, 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம். 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் ஐந்து இலட்சம் அளவிலான மக்களை, பெரும்பாலும் சீனரை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் வைத்தது. மலாய்க்காரர் கம்போங் என்ற கிராமத்தில், சீனர் புதுக்கிராமத்தில், தமிழர் தோட்டத்தில். ஒருவரைப் பற்றி ஒருவர் கதை மட்டுமே கேட்டு வளர்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அந்த ஏற்பாட்டில் ஓட்டைகளும் இருந்தன. அப்படி ஓர் ஓட்டை வழியாக எங்கள் குடும்பத்துக்கு வந்தவர் சின்னம்மா.

அந்தக் காலத்து மலாயாவில் வறுமையாலும், பெண் குழந்தை வேண்டாம் என்பதாலும், பிறந்த நேரம் குடும்பத்துக்கு ஆகாது என்று சோதிடம் சொன்னதாலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தது பரவலாக நடந்திருக்கிறது. நம் ஊர்களில் நாற்பது வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது இப்படி ஒரு அத்தையோ சின்னம்மாவோ இருப்பார் என்று எனக்குத் தோன்றும். இது என் கண்கணக்கு, ஆய்வல்ல. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் பாட்டி, 1951-இல் இருபது நாள் குழந்தையாக அவரை வாங்கி, ஏற்கெனவே இருந்த மூன்று பிள்ளைகளோடு நான்காவதாக வளர்த்தார். சின்னம்மாவுக்குச் சீன முகம், தமிழ் நாக்கு. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார். கெண்டைக்கால் தெரியாமல் சேலை கட்டுவார். சந்தையில் சீனக் கடைக்காரர்கள் அவரிடம் ஹொக்கியனில் பேச்சைத் தொடங்குவார்கள், இவர் மலாயில் பதில் சொல்வார், அவர்கள் விழிப்பார்கள்.

இந்தச் சின்னம்மாதான் எனக்கு ஏழு வயதாக இருந்தபோது கையில் ஐந்து வெள்ளியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார்: "சீனன் கடை. மீதியை எண்ணாமல் வாங்காதே. அவர்கள் இரத்தத்திலேயே ஏமாற்று இருக்கிறது." சீன இரத்தம் ஓடுகிற கையால் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னார். வீட்டில் இருந்த யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் சிரிப்பும் அதன் பின்னால் ஒரு நடுக்கமும் வந்தன.

இரத்தத்தில் இருப்பதாகச் சொல்லப்படுகிற எதுவும் இரத்தத்தில் இல்லை என்பதற்கு எனக்குச் சின்னம்மாவே போதும். ஆய்வு வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. மனிதர்களுக்குத் தங்கள் இனத்து முகங்களைப் பிரித்தறிவது எளிது, பிற இனத்தார் எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள். சிறுவயதில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போன கொரியர்களை வளர்ந்த பிறகு சோதித்து, 2005-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழு முடிவை வெளியிட்டது. அவர்கள் ஆசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே நன்றாக அடையாளம் கண்டார்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகம் கணக்கில் வரவில்லை. சோற்றுமேசையைச் சுற்றி இருந்த முகங்கள்தான் கணக்கில் வந்தன. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வின்படி, பிறந்த குழந்தைக்கு எந்த இன முகமும் ஒன்றுதான். மூன்று மாதத்தில் தன்னைச் சுற்றியுள்ள இனத்து முகங்களை அதிக நேரம் பார்க்கத் தொடங்குகிறது. வேறோர் ஆய்வில், இஸ்ரேலில் இரு நிறத்தாரையும் பார்த்து வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளிடம் இந்தச் சாய்வு காணப்படவில்லை. முகம் பழகுவது வேறு, வெறுப்பு வேறு என்பது உண்மை. ஆனால் பழகாத முகத்தின்மேல்தான் கதை எளிதாக ஒட்டும்.

கதைகளை ஒட்டுவது பெரும்பாலும் அன்பானவர்கள். சாப்பிட மறுத்தால் எங்களை 'வங்காளியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' என்று மிரட்டுவார்கள். வங்காளி என்றால் தலைப்பாகை கட்டிய சீக்கியர். அவர் பஞ்சாபி என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. பல ஆண்டு கழித்து ஒரு சீன நண்பன் சொன்னான்: அவன் வீட்டில் சோறு இறங்க வைத்த பூச்சாண்டி நாங்கள்தானாம். கறுப்பு ஆள் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான் என்பார்களாம். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அவன் அப்போது என் தோளில் கை போட்டிருந்தான்.

பாம்பையும் இன்னாரையும் ஒன்றாகக் கண்டால் பாம்பை விட்டுவிட்டு இன்னாரை அடி என்று ஒரு பழமொழி உண்டு. மலாயில் அந்த 'இன்னார்' இடத்தில் கெலிங் நிற்பான். தமிழிலும் அதே வாக்கியம் இருக்கிறது. இன்னார் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவார். எங்கள் மாமா ஒருவர் தனக்கு எந்தக் கிராணியின்மேல் கோபமோ அந்தக் கிராணியின் ஊரை அதில் பொருத்திக்கொள்வார். வாக்கியம் ஒன்று, கோடிட்ட இடம் ஒன்று. நிரப்புகிறவர் யார் என்பதைப் பொறுத்து விடை.

நிறம் பற்றி ஒரு வரி. 'கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்' என்று பெண் பார்த்துவிட்டு வந்து சொல்லும் வீட்டில் வளர்கிற குழந்தைக்கு, அந்த 'இருந்தாலும்' போதும்; மீதிப் பாடத்தை அது தானே எழுதிக்கொள்ளும்.

இனி நானே சிக்குகிற இடத்துக்கு வருகிறேன். நான் படித்தவன், எல்லா இனத்திலும் நண்பர்கள் உள்ளவன், வீட்டில் யாராவது தரக்குறைவாகப் பேசினால் முகம் சுளிப்பவன். இருந்தும் அந்தத் தொலைபேசியில் வாய் முந்திக்கொண்டது. அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா டிவைன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. பாகுபாடு மிகுந்தவரும் பாகுபாடு குறைந்தவரும் தம் சமூகத்தில் புழங்கும் இழிவான கதைகளை ஒரே அளவு அறிந்தே இருக்கிறார்கள். கதை மனத்தில் தானாக எழுவதும் இருவருக்கும் பொது. எழுந்த பிறகு நிதானித்து அதைத் தள்ளுகிறார்களா என்பதில்தான் வேறுபாடு. நிதானிக்க நேரம் இல்லாதபோது, களைப்பில், அவசரத்தில், பழையதே முந்தும். இதைப் படித்ததும் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. உடனே அந்த ஆறுதலின்மேல் சந்தேகமும் வந்தது. தானாக எழுந்தது என்பது என் தவறுக்கு விளக்கம். அட்டை பதினொரு நாள் தொங்கியதற்கு அது விளக்கமாகாது. பதினொரு நாளில் நிதானிக்க நேரமா கிடைக்கவில்லை?

அப்பாவின் முறை வேறு. துறைமுகத்தில் கிராணியாக இருந்தவர். அவரோடு முப்பது ஆண்டு வேலை செய்த மலாய் நண்பர் ஒருவர், அம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறியபோது தன் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டு விடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தார். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும். கடைசியில் சேர்த்துக்கொள்வார்: "அவர் மட்டும் நல்லவர். மற்றவர்களை நம்ப முடியாது." இதே தொனியில் சீன மருந்துக் கடைக்காரரும் 'அவர் மட்டும்', எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆசிரியையும் 'அவர் மட்டும்'. ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்த பிற இனத்து விருந்தினரை எண்ணினேன். பதினொரு பேர். பதினொருவரும் அப்பாவின் கணக்கில் விதிவிலக்கு. விதிப்படி நடக்கிற ஒருவர்கூட எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை.

தாமஸ் பெட்டிக்ரூ என்ற சமூக உளவியலாளர் 1979-இல் இதை முறைப்படுத்திச் சொன்னார். பிறர் கூட்டத்தைச் சேர்ந்தவர் தவறு செய்தால் அது அவர் பிறவிக் குணம் என்கிறோம். நல்லது செய்தால் தற்செயல், தனி முயற்சி, அல்லது விதிவிலக்கு என்கிறோம். நம்மவர் விஷயத்தில் அப்படியே தலைகீழ். ஒரு தமிழர் கடையில் மீதிக் காசு குறைந்தபோது சின்னம்மா, "பாவம், கூட்டத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது" என்றார். ஆக, எத்தனை நல்லவரைச் சந்தித்தாலும் கதை அசையாது. நல்லவர்களை உட்காரவைக்கத் தனியாக ஒரு திண்ணை கட்டியாகிவிட்டது.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு: நாங்கள் கலந்து வாழ்கிறவர்கள் என்று. ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்கில் நடந்தால் சில நூறு மீட்டருக்குள் தேவாலயம், குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும். தைப்பூச இரதம் வரும் வழியில் சீனர்கள் தேங்காய்களை மலைபோல் குவித்து உடைப்பார்கள். பொய்யில்லாத பெருமை. ஆனால் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே, வெறுமனே அருகருகே இருப்பது பாகுபாட்டைக் குறைத்துவிடாது என்றார். சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு ஆகியவை சேர்ந்தால்தான் பழக்கம் வேலை செய்யும் என்றார். 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் வந்த தொகுப்பாய்வும் பழக்கம் பாகுபாட்டைக் குறைக்கிறது என்றே காட்டியது. இந்த நிபந்தனைகள் சேரும்போது இன்னும் அதிகமாக.

நம் பிள்ளைகள் ஏழு வயதிலேயே தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி என்று பிரிந்துபோகிறார்கள். தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பின் வழிவந்த உரிமை அது. ஆனால் பதின்மூன்று வயதில் இடைநிலைப் பள்ளியில் சந்திக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஆறு ஆண்டுக் கதையைப் புத்தகப்பையில் கொண்டுவருகிறது என்பதையும் மறைக்கமாட்டேன். வெளிநாட்டுத் தொழிலாளர் விஷயத்தில் ஆல்போர்ட் சொன்ன முதல் நிபந்தனையே கிடையாது. வங்காளதேசத்தவரை நாம் பார்ப்பது தட்டு கழுவுகிறவராக, எண்ணெய் நிரப்புகிறவராக, சாரத்தில் தொங்குகிறவராக. 'பங்களா' என்ற ஒற்றைச் சொல்லில் அவருக்குப் பெயர், ஊர், வயது எல்லாம் முடிந்துவிடுகிறது. கூட்டமாக அடைந்து கிடப்பார்கள், நம் பெண்களைப் பார்ப்பார்கள், நம் கூலியைக் குறைத்துவிட்டார்கள் என்று மாமாக் கடை எனப்படும் இந்திய முஸ்லிம் உணவகங்களின் மேசைகளில் பேசுகிறோம். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசிய பேச்சு இது. எழுத்துப் பிசகாமல் வாங்கி ஒப்பிக்கிறோம்.

வீட்டில் இதைப் பேசப்போய் நான் முதலில் செய்தது எல்லாம் தோல்வி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஹிங்கியா அகதிகளைப் பற்றி மைத்துனர் ஒருவர் போட்ட வதந்திக்குப் பதிலாக நீண்ட விளக்கம் எழுதினேன். "பெரிய ஞானி வந்துவிட்டார்" என்று ஒரு பதில், கைகூப்பிய இரண்டு பொம்மைகள், பிறகு மூன்று நாள் அமைதி. அப்பாவிடம், "நீங்கள் இனவாதம் பேசுகிறீர்கள்" என்றேன். அவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துபோய்விட்டார். அந்த வார்த்தை அவருக்குத் தன் வாழ்நாள் முழுவதும் தனக்கு எதிராக நின்றவர்களின் பெயர். அதைத் தூக்கி அவர் தலையிலேயே வைத்தால் வேறு என்ன செய்வார்?

கேள்வி கேட்பது சற்றுப் பலித்தது. வாதத்துக்கான கேள்வி அல்ல, தெரிந்துகொள்ளும் கேள்வி. "அப்பா, இதை உங்களுக்கு முதலில் யார் சொன்னது?" என்று ஒருநாள் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். தன் முதல் வேலையில் ஒரு மேலதிகாரி பதவி உயர்வை வேறொருவருக்குக் கொடுத்த கதையைச் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாத கதை. அதில் அவர் பட்ட அவமானம் உண்மை. அந்த ஒருவரின் முகத்தை நாற்பது ஆண்டாகக் கோடிக்கணக்கானவர்மேல் ஒட்டிப் பார்த்திருக்கிறார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவரும் அன்று 'அவர் மட்டும்' என்று எதையும் முடிக்கவில்லை. மறுவாரம் பழையபடி பேசினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அறைக்கு அழைத்தவரைப் பன்னிரண்டாம் நாள் நானே திரும்ப அழைத்தேன். எண் கைப்பேசியிலேயே இருந்தது. "வருவதாகச் சொன்னவர் வரவில்லை, அறை காலிதான்" என்றேன். அதாவது முதல் பொய்யை மறைக்க இரண்டாவது பொய். அவர் வேறு இடம் பார்த்துவிட்டாராம். 'தாக் அப்பா, பாங்' என்றார். பரவாயில்லை அண்ணா என்று பொருள். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1997-இல் எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மா சந்தையில் வழக்கமாகப் போகும் காய்கறிக் கடையில் ஒரு வங்காளதேசப் பையன் வேலை செய்கிறான். இரண்டு ஆண்டாக அம்மாவுக்கு அவன் 'பங்களா'. அரிசி மூட்டையைக் காரில் ஏற்றும்போது மட்டும் 'தம்பி'. ஒருநாள் அவன் மிளகாயைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வேறு என்ன வேண்டும், அம்மா?" என்று மலாயில் கேட்டிருக்கிறான். அம்மாவுக்கு ஆச்சரியம்: தமிழ் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை, எங்கள் வீட்டிலும் தாயை அம்மா என்றுதான் அழைப்போம் என்றானாம். இதை அம்மா அன்று இரவு என்னிடம் சொன்னார், மறுநாள் சின்னம்மாவிடம் சொன்னார், அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் யாரிடமோ சொன்னார். அதன் பிறகுதான் அவன் பெயரைக் கேட்டிருக்கிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் மதிலுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் பங்களா" என்று தொடங்கி, நிறுத்தி, பெயரைச் சொன்னார். அதில் ஓர் எழுத்து தவறு. நான் உள்ளேயிருந்து திருத்தினேன். "வாயில் நுழையவில்லையே" என்றார். மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.